டோக்கியோவின் சின்ன பார்களுக்கு இரவில் கைடோடு போவதா, தனியாகவே போவதா?

#1 ஆற்றங்கரை

நவம்பரில் டோக்கியோவில் மூன்று இரவு இருந்தேன். முதல் இரவு தனியாகச் சுற்றினேன், இரண்டாம் இரவு ஒரு கைடோடு போனேன், மூன்றாம் இரவு மறுபடியும் தனியாக. போகப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் இரவு ஷின்ஜுக்கு ரயில் நிலையத்தின் கிழக்கு வாசலில் இறங்கி, கபுகிச்சோ என்ற கேளிக்கைப் பகுதியைத் தாண்டி, ஹனசோனோ கோயிலை ஒட்டி இருக்கிற கோல்டன் காய்க்கு நடந்தேன். ஆறு சந்து, அதற்குள் 200க்கும் மேற்பட்ட பார்கள். எதிரே ஆள் வந்தால் தோளைச் சாய்த்துத்தான் விலக வேண்டும். ஒவ்வொரு கடையும் ஒரு சின்ன படுக்கையறை அளவுதான், கதவு மூடியிருக்கும், நிறைய கடைகளுக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்கிறது, ஆனால் இடம் இருக்கிறதா, என்ன விலை, என்னைப் போன்ற ஆள் உள்ளே போகலாமா, எதுவும் வெளியிலிருந்து தெரியாது. ஒரு கதவின் கைப்பிடியில் கையை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன். இன்னொரு கதவில் இருந்த எழுத்தைக் கைப்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தால் உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வந்தது. ஒரு மணி நேரம் இப்படியே நடந்துவிட்டு, கொன்பினியில் (சின்ன பலசரக்குக் கடை) ஓனிகிரி என்ற சோற்று உருண்டை வாங்கிச் சாப்பிட்டு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த நாள் கைடு ஏற்பாடு செய்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, நாங்கள் நான்கு பேர், மூன்று மணி நேரம், ஆளுக்கு 13,000 யென். மேற்கு வாசல் பக்கம் ஒமோய்தே யோகோச்சோ என்ற சந்தில் ஆறு மணிக்குத் தொடங்கினோம். கரிப்புகை தெருவையே மூடியிருந்தது. போர் முடிந்து ஊரே எரிந்து கிடந்தபோது இங்கே கள்ளச் சந்தை இருந்ததாம், அரிசி, கோதுமை எல்லாம் அரசுக் கட்டுப்பாட்டில் இருந்ததால், கட்டுப்பாடு இல்லாத குடல், ஈரல் வகைகளைச் சுட்டு விற்கத் தொடங்கினார்களாம். இன்றைக்கும் அந்தச் சந்தில் மொட்சு என்று அதைத்தான் சுடுகிறார்கள். உட்கார்ந்ததும் சூடான ஈரத்துண்டு வந்தது, அப்புறம் நாங்கள் கேட்காமலேயே ஒரு சின்ன கிண்ணத்தில் வேகவைத்த முள்ளங்கி வந்தது. அதற்கும் பில் உண்டு, பெயர் ஒதோஷி, திருப்பி அனுப்பக்கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்.

கடைசியாகக் கோல்டன் காய். அங்கேதான் நான் முதல் நாள் செய்யத் தெரியாமல் நின்றதை அவர் செய்து காட்டினார். கதவைக் கொஞ்சமாகத் திறந்தார், தலையை மட்டும் உள்ளே நீட்டி நான்கு விரலைக் காட்டினார், "யோனின் தைஜோபு தெசுகா" என்றார், நான்கு பேர் வரலாமா என்று அர்த்தம். உள்ளே இருந்தவர் இரண்டு கையையும் பெருக்கல் குறி போல வைத்துக் காட்டினார். அம்மா சிரித்து, நன்றி சொல்லி, கதவைச் சாத்திவிட்டு அடுத்த கதவுக்குப் போனார். அங்கேயும் அதேதான். மூன்றாவது கதவில் உள்ளே வரச்சொன்னார்கள். முதல் இரவு முழுக்க நான் பயந்தது அந்தப் பெருக்கல் குறிக்குத்தான். அதற்குப் பெரும்பாலும் நாற்காலி இல்லை என்று மட்டுமே அர்த்தம் என்பது, ஒருவர் அதை இரண்டு தடவை சாதாரணமாக வாங்கிக்கொண்டு நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மூன்றாம் இரவு தனியாகப் போய் ஒரு விரலைக் காட்டினேன். இரண்டாவது கதவில் இடம் கிடைத்தது. ஆறு நாற்காலி, இரண்டரை மணி நேரம் அங்கேயே இருந்தேன்.

என் கருத்து இதுதான்: முதல் இரவுக்குக் கைடு வைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரவுகளுக்கு வேண்டாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


#2 வடக்குத்தெரு

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. உங்கள் அனுபவம் நல்லபடியாக இருந்திருக்கிறது, சந்தோஷம், ஆனால் நீங்கள் நான்கு பேர். நான் ஷிபுயாவில் நொன்பெய் யோகோச்சோவில் ஒரு கடையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு கைடு ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். அந்தத் தெருவே தண்டவாளத்தை ஒட்டிய இரண்டு சந்து, ஏறக்குறைய நாற்பது கடை, கடைக்கு ஏழெட்டு பேர் உட்கார்ந்தால் அதிகம். உள்ளே வந்தது ஐந்து பேர், மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கு ஒரு கிளாஸ், இருபது நிமிடம், எல்லாரும் எல்லாரையும் படம் எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்த இருபது நிமிடத்தில் வேலை முடிந்து வந்த இரண்டு பேர் கதவைத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நான் பார்த்தேன். கடைக்காரம்மா அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து மன்னிப்புக் கேட்டார்.

அந்த இரண்டு பேர் வாரத்துக்கு இரண்டு நாள், வருடக்கணக்காக வருகிறவர்கள். அலமாரியில் அவர்கள் பெயர் எழுதின போத்தல் இருக்கும். கடை ஓடுவது அவர்களால்தான். அவர்கள் இரண்டு தடவை திரும்பிப் போனால் மூன்றாவது தடவை வரமாட்டார்கள். அப்புறம் நாம் பார்க்கப்போகும் உள்ளூர் பாரில் உள்ளூர்க்காரர் யார் இருப்பார்?


#3 கசாய்வாசி

பதினோரு வருடமாக டோக்கியோவின் நிஷிகசாயில் குடியிருக்கிறேன், ஷின்ஜுக்கு பக்கம்தான் வேலை. இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் அந்தக் கடைகளின் கணக்கைத் தெரிந்துகொண்டால் எது தப்பு என்று தெளிவாகும்.

கோல்டன் காயில் ஒரு கடையின் அளவு பெரும்பாலும் மூன்று த்சுபோ, இல்லையென்றால் நாலரை த்சுபோ. ஒரு த்சுபோ 3.3 சதுர மீட்டர். அதாவது பத்து அல்லது பதினைந்து சதுர மீட்டருக்குள் கவுண்ட்டர், நாற்காலி, பாத்திரம் கழுவும் இடம், கழிப்பறை, மாடிக்குப் போகிற செங்குத்துப் படிக்கட்டு எல்லாம். எட்டு பேருக்கு மேல் உட்கார முடியாத கடை ஒரு கிளாஸில் கிடைக்கும் லாபத்தை வைத்து வாடகை கட்ட முடியாது. அதனால்தான் நாற்காலிக்குக் கட்டணம், பெரும்பாலும் 500 முதல் 1,500 யென் வரை, கதவிலோ பலகையிலோ எழுதியிருப்பார்கள். ஒதோஷியும் அதே வேலையைத்தான் செய்கிறது, சாதாரண இஸாகாயாவில் (உட்கார்ந்து குடித்துச் சாப்பிடுகிற கடை) 300 முதல் 500 வரை. ஒசாகா பக்கம் அதற்குத் த்சுகிதாஷி என்று பெயர். இதைத் தெரியாமல் வந்து பில்லைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட்டவர்களை நிறைய பார்த்திருக்கிறேன், மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். டிப்ஸ் என்ற வழக்கமே இங்கே கிடையாது, அந்தக் கட்டணத்தோடு முடிந்தது.

அந்தச் சந்துகளுக்கு இன்னொரு கதையும் உண்டு. போருக்குப் பிந்தைய வருடங்களில் அங்கே பாலியல் தொழில் நடந்தது, 1956-இல் வந்த தடைச் சட்டம் 1958-இல் முழுதாக அமலுக்கு வந்த பிறகுதான் அந்தச் சின்ன அறைகள் பார்களாக மாறின. எழுத்தாளர்கள், நாடகக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள் வந்து உட்கார்ந்த இடம். 1980-களில் நிலவிலை ஏறியபோது அந்த இடத்தைக் காலி செய்யவைக்க ஜியாகேயா எனப்படும் ஆட்கள் மிரட்டிப் பார்த்தார்கள், தீ வைப்பும் நடந்தது. கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் இரவில் முறைவைத்துக் காவல் காத்துத்தான் அந்த ஆறு சந்தையும் மிச்சம் வைத்தார்கள். அப்படிக் காவல் காத்த தலைமுறை இன்னும் சில கவுண்ட்டர்களில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒன்பது பேரோடு போய் நிற்பது சரியில்லை என்று வடக்குத்தெரு சொல்வதற்கு என் முழு ஆதரவும் உண்டு.

ஆனால் கைடே கூடாது என்பது சரியில்லை. ஜப்பானில் கைடு தொழிலுக்கு 1949-லேயே சட்டம் வந்தது, தேர்வு எழுதி உரிமம் வாங்கினால்தான் காசு வாங்கிக்கொண்டு வேற்று மொழியில் சுற்றிக்காட்ட முடியும் என்று இருந்தது. 2018 ஜனவரியில் அதைத் தளர்த்தினார்கள், இப்போது உரிமம் இல்லாதவர்களும் செய்யலாம். அதனால் நல்லவர்களும் வந்தார்கள், ஒரு மாதம் மட்டும் சந்துகளைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூட்டம் சேர்ப்பவர்களும் வந்தார்கள். பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள். அதிகபட்சம் எத்தனை பேர்? நான்குக்கு மேல் என்றால் விட்டுவிடுங்கள். போகிற கடைக்காரரைக் கைடுக்கு முன்பே தெரியுமா, கடையில் சொல்லிவைத்துத்தான் அழைத்துப் போகிறாரா? இதற்குச் சுற்றிவளைத்துப் பதில் வந்தாலும் விட்டுவிடுங்கள்.


#4 வாழையிலை

நான் சுத்த சைவம், மாமனார் மாமியாரோடு ஏப்ரலில் போகிறோம். மாமாவுக்கு இந்தச் சந்துகளைப் பார்க்க ரொம்ப ஆசை. எங்களுக்குச் சாப்பிட ஏதாவது கிடைக்குமா? முட்டையும் கிடையாது.


#5 கசாய்வாசி

கிடைக்கும், ஆனால் கவனமாக இருங்கள். ஜப்பானில் சைவத்துக்குப் பெரிய தடை இறைச்சியைவிட தாஷிதான். கட்சுவோ என்ற மீனைக் காயவைத்துச் சீவி எடுக்கிற சாறு, குழம்பு, சாஸ், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அடியில் இருக்கும். ஆற்றங்கரை சாப்பிட்ட அந்த முள்ளங்கியிலும் அநேகமாக இருந்திருக்கும்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: எதமாமே (உப்பு போட்டு அவித்த பச்சை சோயாக்காய்), உப்பு மட்டும் போட்டுக் கரியில் சுட்ட ஷிஷிதோ மிளகாய், சுட்ட கிங்கோ கொட்டை, சுட்ட ஷீதாகே காளான். எல்லாவற்றுக்கும் "ஷியோ" என்று சொல்லுங்கள், உப்பு என்று அர்த்தம், சாஸ் வேண்டாம். ஹியயாக்கோ என்ற குளிர்ந்த தோஃபு எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் மேலே மீன் சீவலைத் தூவித்தான் வரும், "கட்சுவோபுஷி நுகி தே" என்றால் தூவாமல் தருவார்கள், சோயா சாஸ் தாஷி கலக்காததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அகெதாஷி தோஃபு பார்க்க நன்றாக இருக்கும், அது மிதப்பதே தாஷியில்தான். யாகிதோரி என்ற குச்சியில் சுட்ட கோழி விற்கிற கடையில் காயும் கோழியும் ஒரே அடுப்பில்தான் வேகும், அது ஒத்துவராது என்றால் அந்தக் கடைகளையே தவிர்த்துவிடுங்கள்.

உங்கள் குடும்பத்துக்குக் கைடு கட்டாயம் வேண்டும் என்பேன். ஒதோஷியில் மீனோ இறைச்சியோ வந்துவிடும், உட்கார்ந்த பிறகு விளக்கிக்கொண்டிருப்பது இரண்டு பக்கமும் சங்கடம். நல்ல கைடு இரண்டு நாள் முன்னாலேயே கடைக்குத் தொலைபேசியில் சொல்லிவைப்பார், கடைக்காரரும் வேறு ஏதாவது செய்து வைத்திருப்பார்.


#6 நிலாப்பொட்டு

பெண்கள் தனியாகப் போகலாமா என்று யாரும் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். போகலாம். நான் போனேன். அதிலும் எனக்கு மிகவும் பிடித்தது சுனாக்கு என்கிற வகைக் கடை, இதைப் பற்றி இங்கே யாரும் எழுதவில்லை.

சுனாக்கு என்பது ஒரு அம்மா நடத்துகிற சின்ன பார். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள், நம் மாமா இல்லை, அம்மா என்ற அர்த்தத்தில். 1964 டோக்கியோ ஒலிம்பிக் சமயத்தில் நள்ளிரவு பார்களுக்குச் சட்டம் கடுமையானபோது, சிற்றுண்டியும் தருகிற கடை என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து நடத்தியதால் இந்தப் பெயர் வந்தது. ஜப்பானில் எந்தச் சின்ன ஊர் ரயில் நிலையத்தில் இறங்கினாலும் இரண்டு சுனாக்கு இருக்கும். கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் மாமா, இந்தப் பக்கம் நாம், ஓரத்தில் கரோக்கே. வெளியே விளக்குப் பலகையில் ஒரு பெண்ணின் பெயரோ பூவின் பெயரோ இருக்கும், கதவு இறுக்கமாகச் சாத்தியிருக்கும், விலை எங்கேயும் எழுதியிருக்காது. தனியாக அந்தக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வந்திருக்காது.

என் கைடு ஓர் இளம்பெண், உயேனோ பக்கத்தில் தனக்குத் தெரிந்த சுனாக்குக்கு அழைத்துப் போனாள். ஒரு மணி நேரத்துக்கு 3,000 யென், வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு எழுபது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற ரயில் ஊழியர், பழைய பாட்டு ஒன்று பாடினார். எல்லாரும் கைதட்டினோம், அவர் எழுந்து குனிந்து வணங்கினார். என்னைப் பாடச்சொன்னார்கள், கரோக்கேயில் தமிழ் கிடையாது, இசை இல்லாமலே ஒரு தாலாட்டுப் பாடினேன். கடை மொத்தமும் அமைதியாக இருந்தது. முடித்ததும் மாமா அவருடைய அம்மா பாடிய தாலாட்டை மெதுவாகப் பாடினார், கைடு எனக்கு வரி வரியாக அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தாள். மொழி தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்கு அது ஒரு ராகமாக மட்டும் காதில் விழுந்திருக்கும். வடக்குத்தெரு, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் இந்த ஒரு இரவுக்காக நான் கைடுக்குக் கொடுத்த பணத்தை மறுபடியும் கொடுப்பேன்.


#7 பழையபாலம்

கபுகிச்சோவில் எனக்கு நடந்ததைச் சொல்லவேண்டும், யாராவது ஒருவர் தப்பித்தாலும் போதும். இரவு பதினொரு மணி, தெருவில் ஒரு ஆள் நல்ல ஆங்கிலத்தில் பேசி, ஒரு மணி நேரம் 2,000 யென், எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம் என்றான். ஐந்தாவது மாடி. வெளியே வரும்போது பில் 68,000. மேசைக் கட்டணம், சேவைக் கட்டணம், பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் குடித்ததற்குக் கட்டணம். வாசலில் இரண்டு பேர் நின்றார்கள். கட்டிவிட்டு வந்தேன். அந்தத் தெருவிலேயே ஒலிபெருக்கியில் தெருவில் அழைப்பவர்களை நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள், நான் கேட்டும் போனேன். இதற்கு பொத்தகுரி என்று பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது.

கைடு இருந்திருந்தால் அந்த மாடிப்படி ஏறியிருக்கமாட்டேன்.


#8 கசாய்வாசி

பழையபாலம், வருத்தமாக இருக்கிறது. இனி போகிறவர்களுக்கு ஒரே விதி: தெருவில் நின்று உங்களைக் கூப்பிடுகிறவர் பின்னால் போகவே போகாதீர்கள், எந்த மொழியில் கூப்பிட்டாலும். இந்த இழையில் பேசுகிற சின்னக் கடைகள் தெருவில் ஆள் பிடிக்காது, அவர்களுக்கு உள்ளே இடமே இல்லை. வாசலில் நோரென் என்ற துணி தொங்கினால் கடை திறந்திருக்கிறது, சிவப்புக் காகித விளக்கு எரிந்தால் உட்கார்ந்து சாப்பிட்டுக் குடிக்கிற சாதாரணக் கடை. அவ்வளவுதான் அவர்களின் விளம்பரம். பில்லில் மிரட்டினால் பணத்தை எடுக்காமல் கோபானுக்கு, அதாவது தெருமுனைக் காவல் பெட்டிக்குப் போகலாம் என்று சொல்லுங்கள்.


#9 தெற்குக்காற்று

டோக்கியோவையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். கைடே தேவைப்படாத ஊர் ஃபுக்குஓகா. அங்கே யதாய் என்று சாயங்காலம் தள்ளுவண்டி போல நடைபாதையில் வந்து நிற்கிற கடைகள், நூறு அளவில் இருக்கின்றன, தென்ஜின், நகாசு பக்கம். கதவே கிடையாது, துணித் திரைதான், யார் இருக்கிறார்கள் என்று வெளியிலிருந்தே தெரியும், பத்துப் பேர் நெருக்கி உட்காரலாம். அழிந்துபோய்க்கொண்டிருந்த தொழில் அது, 2013-இல் மாநகராட்சி தனி விதி கொண்டுவந்து, புதிய ஆட்களுக்கும் விண்ணப்பம் வாங்கி இடம் கொடுத்துக் காப்பாற்றினார்கள். பச்சை மீன் விற்கக்கூடாது. ராமென் நூடுல்ஸ், ஓதென் (சாற்றில் வேகவைத்த முட்டை, காய் வகைகள்), சுட்டது எல்லாம் உண்டு. நான் போன அன்றைக்கு மழை, திரைக்குள் ஏழு பேர், பக்கத்தில் இருந்தவர் தன் தட்டில் இருந்த ஓதென் முட்டையை எனக்குப் பாதி வெட்டிக் கொடுத்தார்.

ஒசாகாவில் ஷின்செகாய் பக்கம் குஷிகட்சு (குச்சியில் குத்திப் பொரித்தது) கடைகளும் அப்படித்தான், வெளிச்சமாக, திறந்து இருக்கும். சாஸ் பொதுப் பாத்திரத்தில் இருந்தால் கடித்ததை மறுபடி முக்கக்கூடாது, ஒரே தடவைதான். கொரோனாவுக்குப் பிறகு நிறைய இடத்தில் சாஸைப் போத்தலில் வைத்துவிட்டார்கள்.


#10 வாழையிலை

கசாய்வாசிக்கு மிக்க நன்றி, அந்தச் சொற்களை எல்லாம் தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். இன்னொரு சந்தேகம், நானும் மாமியாரும் குடிக்கமாட்டோம். குடிக்காமல் உட்கார்ந்தால் தப்பாக நினைப்பார்களா?


#11 நிலாப்பொட்டு

நினைக்கமாட்டார்கள் அக்கா. ஆனால் ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும், சும்மா உட்காரக்கூடாது, நாற்காலிக்கான மரியாதை அது. ஊலோங் டீ கேளுங்கள், எல்லாக் கடையிலும் உண்டு. "ஊலோங்ஹாய்" என்று சொல்லிவிடாதீர்கள், அதில் ஷோச்சு என்ற மது கலந்திருக்கும். எல்லாருக்கும் பானம் வந்த பிறகு கான்பாய் (சியர்ஸ் மாதிரி) சொல்லித்தான் முதல் வாய் குடிக்க வேண்டும், டீயாக இருந்தாலும். போத்தலில் வந்தால் அவரவர் ஊற்றிக்கொள்ளாமல் பக்கத்தவருக்கு ஊற்றுங்கள், அவர் உங்களுக்கு ஊற்றுவார். உங்கள் மாமா இதை ரொம்ப ரசிப்பார்.


#12 வடக்குத்தெரு

நிலாப்பொட்டு எழுதினதைப் படித்துவிட்டு ஒரு நாள் யோசித்தேன். ஒரு ஆளுக்கு ஒரு கைடு, தெரிந்த கடை, ஒரு மணி நேரம் முழுதாக உட்கார்ந்து கேட்பது, இதை நான் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது ஒரே இரவில் ஐந்து கடை என்று விற்கிற சுற்றுலாவை. ஒரு கிளாஸ் குடித்துவிட்டு ஓடினால் அது கடையைப் பார்த்த கணக்கில் வராது.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று, புகை. 2020 ஏப்ரலிலிருந்து உணவகங்களுக்குள் புகைபிடிக்கத் தடை, ஆனால் பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு, வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள். பத்து சதுர மீட்டரில் மூன்று பேர் புகைத்தால் மூச்சுத் திணறும். ஆஸ்துமா இருப்பவர்கள் கைடிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.


#13 ஆற்றங்கரை

நன்றி எல்லாருக்கும். பழையபாலம் எழுதியதைப் பதிவின் தொடக்கத்திலேயே சேர்க்க நிர்வாகியிடம் கேட்டிருக்கிறேன்.

வடக்குத்தெரு, நீங்கள் சொன்ன பிறகு என் இரண்டாம் இரவை நினைத்துப் பார்த்தேன். அந்த அம்மா எங்களை மூன்றே கடைக்குத்தான் கூட்டிப்போனார். கோல்டன் காய் கடையில் இருந்தபோது வாடிக்கைக்காரர் ஒருவர் கதவைத் திறந்தார், இடம் இல்லை. எங்கள் கிளாஸில் இன்னும் பாதி இருந்தது. கைடம்மா எங்களைப் பார்த்து, முடித்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டார், நாங்கள் நான்கு பேரும் எழுந்தோம். வந்தவர் நாங்கள் வெளியே வரும்வரை சந்தில் நின்று, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தலைகுனிந்தார்.

கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், டாக்ஸிக்கு இரவு பத்து மணிக்கு மேல் 20 சதவீதம் கூடுதல், அதனால் தங்கும் இடத்தை ஷின்ஜுக்கு பக்கமே போட்டுக்கொள்ளுங்கள். வாழையிலை, ஏப்ரலில் போய்விட்டு வந்து எழுதுங்கள், மாமாவுக்கு எந்தச் சந்து பிடித்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.